தண்ணியில விழுந்துட்டா என்ன பண்ணணும்? சின்ன கிளாஸ் பிள்ளைங்களுக்கு இதை எப்படி பழக்குறது

நான் சின்னப் பிள்ளைங்களுக்கு நீச்சல் சொல்லித் தர ஆரம்பிச்ச புதுசுல ஒரு பாப்பா இருந்தா, ரெண்டாங்கிளாஸ், நீச்சல் டிரெஸ் போட்டு கண்ணாடி மாட்டி விட்டா பூலோட இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் நிக்காம போயிடுவா. ஒரு நாள் எல்லாரையும் பழைய டிரெஸ்ல வரச் சொல்லி, ஓரத்துல உக்கார வெச்சு, பக்கவாட்டுல சாஞ்சு தண்ணியில விழச் சொன்னோம், நான் கை நீட்டினா எட்டுற தூரத்துல தண்ணிக்குள்ளயே நிக்கிறேன். விழுந்தா, மேல வந்தா, அவ்வளவுதான், கையும் ஓடல காலும் ஓடல, சட்டை மூஞ்சில ஏறிடுச்சு, மூக்குல தண்ணி போயிடுச்சு, ஓரம் ரெண்டு முழம் தள்ளி இருக்கு ஆனா அதைத் திரும்பிப் பாக்கணும்னு கூட அவளுக்குத் தோணல. உடனே தூக்கிட்டேன், ஒண்ணும் ஆகல. ஆனா அன்னிக்குதான் எனக்கு சுருக்குன்னு உறைச்சுது, நாங்க அந்தப் பிள்ளைக்கு நீந்த மட்டும்தான் சொல்லிக் கொடுத்திருக்கோம், விழுந்தா பொழைச்சுக்கிறதுக்கு ஒண்ணுமே சொல்லிக் கொடுக்கல.

பிள்ளைங்க பெரும்பாலும் நீந்தப் போற எண்ணத்துலயே இருக்க மாட்டாங்க. பந்து எடுக்கப் போவாங்க, கால் கழுவக் குனிவாங்க, ஓரத்துல ஓடிப் புடிச்சு விளையாடுவாங்க, வழுக்கிடும். செருப்பு, துணி, சில நேரம் முதுகுல பையோட விழுவாங்க. அதனால நான் இப்போ எல்லாத்தையும் திருப்பிப் போட்டுட்டேன்: விழாம இருக்குறது முதல்ல, விழுந்தா மிதக்குறது அடுத்து, கூட இருக்குறவன் விழுந்தா நாம உள்ள போகாம உதவுறது அதுக்கடுத்து, அழகா கை வீசி நீந்துறதெல்லாம் கடைசியா. இந்த வரிசையில ஒண்ணாங்கிளாஸ்லேர்ந்து நாலாங்கிளாஸ் வரைக்கும், அதாவது சுமாரா 6 வயசுலேர்ந்து 9 வயசு பிள்ளைங்களுக்கு எப்படி சொல்லித் தர்றதுன்னு எனக்குத் தெரிஞ்சதை எழுதுறேன், டீச்சரா இருந்தாலும் பேரண்ட்டா இருந்தாலும் உதவும்.

இது எவ்ளோ பெரிய விஷயம்னு ஒரு வார்த்தை சொல்லிடுறேன். உலக சுகாதார நிறுவனம் 2024 டிசம்பர்ல வெளியிட்ட அறிக்கைப்படி 2021-ல மட்டும் உலகம் முழுக்க சுமார் 3 லட்சம் பேர் தண்ணியில மூழ்கி செத்திருக்காங்க. 5-லேர்ந்து 14 வயசு வரைக்கும் உள்ள பிள்ளைங்க சாகுறதுக்கான காரணங்கள்ல இது 3-வது இடத்துல இருக்கு. ஸ்கூல் வயசுப் பிள்ளைங்களுக்கு அடிப்படை நீச்சலும் தண்ணி பாதுகாப்பும் ஆபத்தில்லாம உதவுற முறையும் சொல்லிக் கொடுங்கன்னு அந்த நிறுவனமே பரிந்துரைக்குது. சொல்லிக் கொடுத்தா தடுக்க முடியுற சாவு இது, அதான் என்னால இதை சும்மா விட முடியல.

முதல் பாடத்துக்கு தண்ணியே வேண்டாம்

பூல் இல்லையே, கோச் இல்லையேன்னு நிறைய பேர் இதை தொடாமலே விட்டுடுறாங்க. கிளாஸ் ரூம்லயே பாதி வேலை முடியும், சொல்லப்போனா அந்தப் பாதிதான் முக்கியமான பாதி.

"தண்ணிகிட்ட போகாதே"ன்னு சொல்றது பாடம் ஆகாது. பிள்ளைங்க அதை ஒரு காதுல வாங்கி இன்னொரு காதுல விட்டுடுவாங்க, இல்லன்னா பயந்து போய் பெரியவங்ககிட்ட மறைச்சுப் போவாங்க, அது இன்னும் மோசம். அதுக்குப் பதிலா ஒரு நிலைமையைச் சொல்லி நடிக்க வைங்க. தரையில சாக்பீஸால ஒரு குளம் வரைஞ்சுக்கோங்க, ஒரு பந்தை உருட்டி அதுக்குள்ள விடுங்க, "இப்போ என்ன பண்ணுவீங்க?"ன்னு கேளுங்க. முதல் தடவை பத்துல எட்டுப் பேர் ஓடிப் போய் எடுப்பாங்க, பாத்துக்கிட்டே இருங்க. அப்போதான் "பந்து போகட்டும், நீ போகாதே"ங்கிற வரியைச் சொல்லிக் கொடுக்கணும், எல்லாரும் சேர்ந்து சத்தமா சொல்லணும், அப்புறம் ரெண்டடி பின்னால வந்து ஒரு பெரியவரைக் கூப்பிடணும். பந்துக்குப் பதிலா செருப்பு, தொப்பி, புது பென்சில் பாக்ஸ்னு மாத்தி மாத்தி பண்ணுங்க, ஏன்னா பிள்ளைக்கு புடிச்ச பொருள் விழும்போதுதான் மனசு கேக்காது. இதுல இன்னொண்ணும் இருக்கு, பொருளைத் தொலைச்சுட்டு வந்தா வீட்ல அடி விழும்னு பயந்துதான் பல பிள்ளைங்க தண்ணிக்குள்ள எறங்குறாங்க. அதனால பேரண்ட்ஸ்கிட்டயும் சொல்லி வைங்க, தண்ணியில போன பொருளுக்கு திட்டு கிடையாதுன்னு வீட்ல வாய்விட்டு சொல்லிடுங்க, அது பிள்ளை காதுல விழணும்.

அடுத்தது ஆழம். ஆழம் தெரியாம காலை விடாதேன்னு நாமளே நூறு தடவை சொல்றோம், ஏன் தெரியாதுன்னு காட்ட மாட்டேங்கிறோம். ஒரு பக்கெட்ல சுத்தமான தண்ணி, இன்னொண்ணுல மண்ணு கலக்கின தண்ணி வைங்க, ரெண்டுலயும் ஒரு காசு போடுங்க, கலங்கின பக்கெட்ல அடி எங்க இருக்குன்னு கேளுங்க. அப்புறம் கண்ணாடி டம்ளர்ல பென்சிலை சாய்ச்சு வெச்சு உடைஞ்ச மாதிரி தெரியுறதைக் காட்டுங்க. தண்ணியில வெளிச்சம் வளையுறதால, தெளிவா இருக்குற தண்ணியே மேலேர்ந்து பாக்கும்போது உண்மையான ஆழத்துல முக்கால்வாசிதான் இருக்குற மாதிரி தோணும், 1 மீட்டர் 33 சென்டிமீட்டர் ஆழம் சுமார் 1 மீட்டர் மாதிரி தெரியும், ஆறு வயசுப் பிள்ளைக்கு கழுத்தளவுக்கும் தலைக்கு மேலங்கிறதுக்கும் அவ்வளவுதான் வித்தியாசம். "கண்ணு பொய் சொல்லும்"னு சொல்லுங்க, இந்த சோதனையை பிள்ளைங்க வீட்டுக்குப் போய் எல்லார்கிட்டயும் செஞ்சு காட்டுவாங்க.

ஓடுற தண்ணியைப் பத்தி தனியா சொல்லணும். வேகம் ரெண்டு மடங்கு ஆனா அது நம்மளைத் தள்ளுற பலம் நாலு மடங்கு ஆகும். வேகமா ஓடுற வெள்ளத்துல 15 சென்டிமீட்டர் தண்ணியே பெரிய ஆளையே கால் தடுமாற வெச்சு கீழ தள்ளிடும், பிள்ளைங்களைப் பத்தி சொல்லவே வேண்டாம். இதை கணக்கா சொன்னா சின்னதுங்களுக்குப் புரியாது, குழாயை லேசா திறந்து கையை வெக்கச் சொல்லுங்க, அப்புறம் முழுசா திறந்து வெக்கச் சொல்லுங்க, கையே சொல்லிடும். மழை வெள்ளத்துல ரோட்டுல தண்ணி ஓடினா கணுக்கால் அளவா இருந்தாலும் எறங்கக் கூடாது, கீழ பள்ளம் இருக்கா மூடி தொறந்திருக்கான்னு தெரியாது.

கடல் பக்கம் போற பிள்ளைங்களுக்கு இழுப்பைப் பத்தி சொல்லணும். ரெண்டு பக்கமும் அலை உடைஞ்சுக்கிட்டு இருக்கும்போது நடுவுல ஒரு இடம் மட்டும் அலை இல்லாம அமைதியா, கொஞ்சம் கருத்த நிறத்துல இருந்தா அது பத்திரமான இடம் மாதிரி தெரியும், ஆனா கரையில சேர்ந்த தண்ணி திரும்ப உள்ள போற வழியா அது இருக்கலாம். அதுல மாட்டினா கரையைப் பாத்து எதிர்த்து நீந்தினா பெரிய நீச்சல்காரரும் களைச்சுடுவாங்க. சின்னப் பிள்ளைக்கு நான் சொல்றது இது மட்டும்தான்: மல்லாந்து மித, கையைத் தூக்கிக் காட்டு, கத்து. பக்கவாட்டுல நீந்தி வெளிய வர்றதெல்லாம் கொஞ்சம் வளர்ந்து நல்லா நீந்த வந்த பிறகு சொல்லிக்கலாம். சிவப்பு மஞ்சள் கொடி ரெண்டு நட்டிருந்தா அதுக்கு நடுவுல மட்டும், முழு சிவப்புக் கொடின்னா எறங்கவே கூடாது, இதை படம் வரைஞ்சு சுவத்துல ஒட்டி வைங்க.

வீட்டையும் விட்டுடாதீங்க. வீட்ல தவழுற தம்பி தங்கச்சி இருந்தா பக்கெட்ல தண்ணி நிக்கக் கூடாது, கவுத்து வெக்கணும். கைக்குழந்தைக்கு மூக்கும் வாயும் முங்குற அளவு, அதாவது சில சென்டிமீட்டர் தண்ணியே போதும். ரெண்டாங்கிளாஸ் பிள்ளைகிட்ட "பக்கெட் பாக்குற பொறுப்பு உன்னோடது"ன்னு கொடுத்துப் பாருங்க, அம்மா அப்பாவையே விரட்டி விரட்டி கவுக்க வைப்பாங்க. ஆனா அதுக்காக தம்பியைப் பாத்துக்குற பொறுப்பை அந்தப் பிள்ளைகிட்ட விட்டுடாதீங்க, அது பெரியவங்க வேலை.

கூட இருக்குறவன் மூழ்கினா

இதைச் சொல்லித் தரும்போது எனக்கு இப்பவும் தொண்டை அடைக்கும். ஒருத்தன் விழ, அவனைக் காப்பாத்தப் போய் இன்னொருத்தன், அவனைக் காப்பாத்தப் போய் மூணாவதா ஒருத்தன்னு போறது எத்தனை தடவை நடக்குது. பிள்ளைங்களுக்கு பாசம் அதிகம், யோசிக்காம குதிச்சிடுவாங்க. பயத்துல தத்தளிக்கிறவன் கைக்கு எது கிடைச்சாலும் அதைப் புடிச்சு அமுக்கி மேல ஏறத்தான் பாப்பான், அவன் வேணும்னு செய்யல, உடம்பு செய்யும். அதனால "தைரியசாலி தண்ணியில குதிக்க மாட்டான், தைரியசாலி கத்துவான்"னு நான் சொல்வேன்.

மூழ்குறது எப்படி இருக்கும்னு முதல்ல காட்டணும். பிள்ளைங்க மனசுல இருக்குறது டிவில பாத்தது, கையை ஆட்டி ஆட்டி "காப்பாத்துங்க"ன்னு கத்துற மாதிரி. நிஜத்துல பெரும்பாலும் சத்தமே வராது. வாய் தண்ணி மட்டத்துக்கு மேலயும் கீழயும் போய்ட்டு வர்றதுல மூச்சு இழுக்கவே நேரம் பத்தாது, கத்துறதுக்கு எங்க? கையைத் தூக்கி ஆட்டவும் முடியாது, ரெண்டு கையும் பக்கவாட்டுல தண்ணியை கீழ அமுக்கிக்கிட்டு இருக்கும், உடம்பு செங்குத்தா நிக்கும், காலால உதைக்காது, தலை பின்னால சாஞ்சு முடி கண்ணுல விழுந்திருக்கும், ஏணியில ஏற முயற்சி பண்ற மாதிரி தெரியும். இப்படி 20 செகண்டுலேர்ந்து 60 செகண்டுக்குள்ள முங்கிடலாம். இதை தரையில நின்னு நீங்களே நடிச்சுக் காட்டுங்க, பிள்ளைங்களையும் நடிக்கச் சொல்லுங்க. ஆனா ஒண்ணு, தண்ணிக்குள்ள இருக்கும்போது மூழ்குற மாதிரி விளையாட்டுக்கு கூட நடிக்கக் கூடாது, உதவின்னு பொய்யா கத்தக் கூடாது, இதுல நான் ரொம்ப கண்டிப்பா இருப்பேன்.

அப்புறம் மூணு வேலை: கத்து, எறி, நீட்டு. கத்துறதுன்னா சும்மா "ஆ"ன்னு இல்ல, "ஒருத்தர் தண்ணியில விழுந்துட்டாங்க, உதவி, உதவி"ன்னு அடிவயித்துலேர்ந்து. இதை உண்மையாவே பயிற்சி பண்ணணும், ஏன்னா ஸ்கூல்ல சத்தம் போடாதே சத்தம் போடாதேன்னு பழகின பிள்ளைங்களுக்கு தேவைப்படும்போது குரலே வராது, கூச்ச சுபாவம் உள்ள பிள்ளைங்களுக்கு நாலஞ்சு தடவை ஆகும், விடாதீங்க. விழுந்தவன்கிட்டயும் "மல்லாந்து படு, வானத்தைப் பாரு"ன்னு கரையிலேர்ந்து கத்தணும், பயத்துல இருக்குறவனுக்கு தெரிஞ்ச குரல் கேட்டா பழகினது ஞாபகம் வரும்.

எறியுறதுக்கு ரெண்டு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் போதும், அடியில நாலு விரக்கட அளவு தண்ணி விட்டு மூடியை இறுக்கிடுங்க, சுத்தமா காலியா இருந்தா காத்துல தள்ளிக்கிட்டு எங்கயோ போயிடும், அந்தக் கொஞ்சம் தண்ணி இருந்தா நேரா போகும். பாட்டிலோட கழுத்துல ஒரு கயிறு கட்டி கிரவுண்ட்ல எறிஞ்சு பழகலாம், அஞ்சு மீட்டர் தள்ளி ஒரு பையன் உக்காந்திருக்கணும், பாட்டில் அவன் தோளுக்கு மேல தாண்டி விழுந்தா கயிறு அவன் கையில சிக்கும். விழுந்தவன் பாட்டிலை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு மல்லாந்தா முகம் மேல நிக்க நல்லா உதவும். மூடின காலி கேன், பந்து, தெர்மாகோல், எது மிதக்குமோ அதை எறியலாம்.

நீட்டுறது கொஞ்சம் ஜாக்கிரதையா சொல்லித் தரணும். கம்பு, துண்டு, பெல்ட் எதுவா இருந்தாலும் குப்புறப் படுத்துக்கிட்டுதான் நீட்டணும், நின்னுக்கிட்டோ குனிஞ்சுக்கிட்டோ நீட்டினா இழுத்துடுவான். கையை நேரா கொடுக்கக் கூடாது. இழுக்குற பலம் தாங்கலன்னா கம்பை விட்டுடணும், இதையும் வாய்விட்டு சொல்லணும், இல்லன்னா பிள்ளை விட மாட்டான். நடைமுறையில ஏழெட்டு வயசுப் பிள்ளைக்கு கத்துறதும் எறியுறதும்தான் சரி, நீட்டுறதை பத்து வயசு பக்கம் வர்ற பிள்ளைங்களுக்கு விட்டுடலாம்னு நான் நினைக்கிறேன்.

தண்ணிக்குள்ள எறங்குறதுக்கு முன்னாடி பெரியவங்க செய்ய வேண்டியது

ஒவ்வொரு பிள்ளையோட உடம்பு நிலைமையும் பேரண்ட்ஸ்கிட்ட எழுதி வாங்குங்க. வலிப்பு வர்ற பிள்ளைன்னா டாக்டர்கிட்ட கேட்டுட்டு, அந்தப் பிள்ளைக்குன்னே ஒரு ஆள் கூடவே கை தொடுற தூரத்துல இருக்கணும். ஆஸ்துமா இருந்தா இன்ஹேலர் பூல் ஓரத்துல இருக்கணும், டிரெஸ் மாத்துற ரூம்ல பைக்குள்ள இருந்து பிரயோஜனம் இல்ல.

சொல்லித் தர்றவர் வேற, கண்காணிக்கிறவர் வேற. இது ரெண்டையும் ஒரே ஆள் செய்ய முடியாது. ஒரு பிள்ளை கையைப் புடிச்சு மிதக்க வெச்சுக்கிட்டு இருக்கும்போது மீதி பிள்ளைங்க முதுகுக்குப் பின்னால இருப்பாங்க. அதனால மேல நின்னு தலை எண்ணிக்கிட்டே இருக்குறதுக்கு ஒரு ஆள், போன் கையில இல்லாம, யார்கூடவும் பேசாம. நீந்தத் தெரியாத பிள்ளைங்களை ஒரு தடவைக்கு நாலஞ்சு பேருக்கு மேல ஒரு டீச்சர்கிட்ட தண்ணிக்குள்ள விட எனக்கு மனசு வராது, மீதிப் பேர் ஓரத்துல உக்காந்து பாத்தே கத்துக்கட்டும், அவங்க முறை வரும்.

டிரெஸ் கலர் கவனிங்க. நீலம், வெள்ளை, சாம்பல் எல்லாம் தண்ணிக்குள்ள கரைஞ்ச மாதிரி மறைஞ்சிடும், பளிச்சுன்னு ஆரஞ்சு, ரோஸ், பளீர் மஞ்சள் மாதிரி இருந்தா அடியில இருந்தாலும் கண்ணுல படும். நீளமான முடியை இறுக்கிக் கட்டி தொப்பி போடணும், பூல் அடியிலயும் ஓரத்துலயும் தண்ணி உறிஞ்சுற ஓட்டை இருக்கும், அதுல முடியோ விரலோ மாட்டினா எடுக்க முடியாத அளவுக்கு இழுக்கும், அந்தப் பக்கமே போகக் கூடாதுன்னு முதல் நாளே இடத்தைக் காட்டிடணும். தண்ணி பிள்ளைங்க இடுப்புலேர்ந்து நெஞ்சு வரைக்கும் இருந்தா போதும். குளிர்ந்த தண்ணியில பிள்ளைங்க சீக்கிரம் வெறைச்சுப் போவாங்க, உதடு நீலம் ஆச்சுன்னா, நடுங்க ஆரம்பிச்சா அன்னிக்கு கிளாஸ் முடிஞ்சுது, பாடம் பாதியில நின்னா பரவாயில்ல. வெதுவெதுப்பான தண்ணியிலயே இந்த வயசுக்கு அரை மணி நேரம் போதும்.

கையில மாட்டுற காத்தடைச்ச வளையம், டியூப், மிதக்குற பொம்மை இதெல்லாம் பாதுகாப்பு சாமான் கிடையாது. காத்து எறங்கும், கழண்டு போகும், அதோட உடம்பை எப்பவும் செங்குத்தா நிக்க வெச்சுடும், அது மூழ்குறவனோட நிலை, மிதக்குறவனோட நிலை இல்ல. அதை மாட்டியே பழகின பிள்ளை, அது இல்லாத நாள்லயும் அதே நம்பிக்கையில குதிச்சிடும்.

எறங்கினதுக்கு அப்புறம், எந்த வரிசையில

ஏறவும் எறங்கவும் முதல்ல. ஓரத்துல உக்காந்து, திரும்பி, வயிறு ஓரத்துல படுற மாதிரி வழுக்கி, கால் முதல்ல எறங்கணும். தலை கீழா டைவ் அடிக்கிறது இந்த வயசுல கிடையவே கிடையாது. ஏறும்போது ஏணியைத் தேடக் கூடாது, "முழங்கை, முழங்கை, வயிறு, முட்டி"ன்னு சொல்லிக்கிட்டே ரெண்டு முழங்கையை ஓரத்துல ஊனி, வயித்தை ஏத்தி, ஒரு முட்டியைப் போட்டு ஏறணும். இது தானா ஏற வந்த பிள்ளைக்கு முகத்துல ஒரு தெளிவு வரும் பாருங்க. ஓரத்தைப் புடிச்சுக்கிட்டே கை மாத்தி மாத்தி பக்கவாட்டுல நகர்றதையும் இதோட சேர்த்து பழக்கிடுங்க.

அடுத்தது மூச்சு. தண்ணிக்குள்ள வாயை வெச்சு குமிழி விடச் சொல்லுங்க, முதல்ல வாய், அப்புறம் மூக்கு, அப்புறம் கண்ணு வரைக்கும். மூச்சை அடக்கிக்கிட்டு முங்குறதை விட, முங்கும்போது மெதுவா வெளிய விடப் பழகுறது நல்லது, மேல வந்த உடனே உள்ள இழுக்க வசதி. மூஞ்சி நனைய பயப்படுற பிள்ளைக்கு வீட்ல குளிக்கும்போதே தலையில தண்ணி ஊத்திப் பழக்கலாம். யார் ரொம்ப நேரம் தம் புடிக்கிறாங்கன்னு போட்டி மட்டும் வெச்சுடாதீங்க. வேக வேகமா மூச்சு இழுத்து விட்டுட்டு முங்கினா, மூச்சு விடணும்னு உடம்பு கொடுக்குற எச்சரிக்கை தாமதமாகி, எந்த அறிகுறியும் இல்லாம தண்ணிக்குள்ளயே மயக்கம் வந்துடும், நல்லா நீந்தத் தெரிஞ்சவங்களே இப்படி போயிருக்காங்க.

இப்போ மல்லாந்து மிதக்குறது, இதுக்குத்தான் நான் ரொம்ப நேரம் ஒதுக்குவேன், சில பிள்ளைங்களுக்கு நாலு கிளாஸ் ஆனாலும் சரி. நுரையீரல் நிறைய காத்து இருக்கும்போது மனுஷ உடம்பு தண்ணியை விட துளி லேசாத்தான் இருக்கும், அதனால அசையாம இருந்தாலே முகம் மேல நிக்கிற அளவுக்கு பெரும்பாலானவங்க மிதப்பாங்க, போராடும்போதுதான் கீழ போறோம். பிள்ளைக்குப் பின்னால நின்னுக்கோங்க, ஒரு கை தலைக்கு கீழ, இன்னொரு கை முதுகுக்கு நடுவுல. காது ரெண்டும் தண்ணிக்குள்ள போகணும், இதுலதான் எல்லாரும் தடுமாறுவாங்க, காதுல தண்ணி போகுதேன்னு தலையைத் தூக்குவாங்க, தலையைத் தூக்கினா இடுப்பு எறங்கும், இடுப்பு எறங்கினா வாயில தண்ணி போகும். "தண்ணியில தலையணை இருக்கு, தலையை வெச்சுக்கோ, தாடை வானத்தைப் பாக்கட்டும்"னு மெதுவா சொல்லுங்க. கை ரெண்டும் பக்கவாட்டுல விரிஞ்சு லேசா அசையலாம், கால் எறங்கினா எறங்கட்டும், எல்லாருக்கும் பலகை மாதிரி நேரா மிதக்க வராது, மூக்கும் வாயும் மேல இருந்தா போதும். உங்க கையை ஒரேடியா எடுக்காதீங்க, அஞ்சு விரல் மூணு விரல் ஆகட்டும், ஒரு விரல் ஆகட்டும், அப்புறம் எடுங்க, எடுக்கப் போறேன்னு சொல்லிட்டு எடுங்க. சொல்லாம எடுத்து பிள்ளை ஒரு தடவை முங்கிட்டா உங்க மேல இருந்த நம்பிக்கை போச்சு, அதைத் திரும்ப கொண்டு வர மாசக்கணக்கா ஆகும். முதல்ல 5 எண்ணுற வரைக்கும், அப்புறம் 10, 30, அப்படியே 1 நிமிஷம்.

மிதந்த நிலையிலேர்ந்து எழுந்து நிக்கிறதையும் அதே நாளே சொல்லிக் கொடுங்க, முட்டியை வயித்துப் பக்கம் மடக்கி தலையை முன்னால கொண்டு வந்தா கால் தரையில படும். நிக்கத் தெரியாததால மிதக்கப் பயப்படுற பிள்ளைங்க நிறைய.

அதுக்கப்புறம் குப்புற இருந்தா மல்லாந்து புரள்றது, மல்லாந்தபடியே காலை மெதுவா அடிச்சு ஓரத்துக்கு வர்றது. இது ரெண்டும் வந்துட்டா எல்லாத்தையும் கோர்த்து ஒரே பாடமா பண்ணலாம்: விழு, மேல வா, புரண்டு மித, மூச்சு சீராகட்டும், ஓரம் எந்தப் பக்கம்னு பாரு, அங்க வா, புடி, ஏறு. ஜில்லுனு இருக்குற தண்ணியில விழுந்தா மூச்சு தானா திக்குன்னு உள்ள இழுக்கும், பட படன்னு மூச்சு வாங்கும், அது சுமாரா ஒண்ணு ஒன்றரை நிமிஷத்துல அடங்கிடும், அது அடங்குற வரைக்கும் எங்கயும் போக முயற்சி பண்ணாம மிதந்துக்கிட்டு இருக்குறதுதான் உயிரைக் காப்பாத்தும். பிள்ளைகிட்ட "முதல்ல மித, அப்புறம் யோசி"ன்னு சொல்லிட்டா போதும்.

இதெல்லாம் நீச்சல் டிரெஸ்ல வந்தப்புறம் துணியோட ஒரு நாள். நெதர்லாந்துல பிள்ளைங்க வாங்குற முதல் நீச்சல் டிப்ளமோ தேர்வுலயே துணி போட்டுக்கிட்டு செய்ய வேண்டிய பகுதி இருக்கு, எங்க பாத்தாலும் கால்வாயா இருக்குற ஊரு, அவங்களுக்கு இதோட அருமை தெரியும். முதல்ல டி-ஷர்ட் மட்டும், அடுத்த தடவை பேண்ட்டும் சேர்த்து, இன்னொரு தடவை லேசான ஷூவும். துணி ஒட்டுறது, கை கனமா இருக்குறது, சட்டை மேல ஏறி மூஞ்சை மூடுறது இதெல்லாம் பிள்ளைக்கு முன்னாடியே அனுபவமா இருந்தா நிஜமா விழும்போது அதிர்ச்சி பாதியா குறையும். இந்த வகுப்புல ஒவ்வொரு பிள்ளைக்கும் பக்கத்துல ஒரு பெரியவர், ஒரு நேரத்துல ஒரு பிள்ளை மட்டும், சுருக்கிடாதீங்க.

லைஃப் ஜாக்கெட்டையும் ஒரு நாள் போட்டுப் பழக்குங்க. எல்லா கொக்கியும் மாட்டி, தோள்பட்டையைப் புடிச்சு மேல தூக்கிப் பாத்தா ஜாக்கெட் தாடைக்கு மேல ஏறக் கூடாது, ஏறினா அது பெரிய சைஸ். வளர்ந்துடுவான்னு பெருசா வாங்குற சாமான் இது இல்ல. படகுல ஏறுறதுக்கு முன்னாடியே போடணும், ஏறின பிறகு இல்ல.

இந்த அளவு வந்ததுக்கப்புறம் கை வீசி நீந்துறதைச் சொல்லிக் கொடுங்க, மிதக்கத் தெரிஞ்ச பிள்ளைக்கு அது தானா சீக்கிரம் வந்துடும். இங்கிலாந்து ஸ்கூல் பாடத்திட்டத்துல தொடக்கப்பள்ளி முடிக்கும்போது குறைஞ்சது 25 மீட்டர் நல்லா நீந்தணும், பல நிலைமைகள்ல பத்திரமா தன்னைத் தானே காப்பாத்திக்கவும் தெரியணும்னு ரெண்டையும் சேர்த்தே வெச்சிருக்காங்க, நம்ம இலக்காவும் அதையே வெச்சுக்கலாம்.

பயப்படுற பிள்ளைங்க

தூக்கிப் போட்டா தானா கத்துக்குவான்னு சொல்றவங்க இன்னும் இருக்காங்க, நான் கை கூப்பிக் கேட்டுக்குறேன், செய்யாதீங்க. அப்படிப் போட்டுக் கத்துக்கிட்ட ஒருத்தர் இருந்தா, அதனாலேயே வாழ்நாள் முழுக்க தண்ணிப் பக்கம் போகாதவங்க அவரைச் சுத்தி நிறைய பேர் இருப்பாங்க, தண்ணியைப் பாத்தாலே வெறைச்சுப் போற பிள்ளை விழுந்தா மிதக்காது. பயப்படுற பிள்ளையை ஓரத்துல உக்கார வெச்சு காலை மட்டும் ஆட்டச் சொல்லுங்க, அடுத்த கிளாஸ்ல முட்டி வரைக்கும். அவ்வளவுதான் முன்னேற்றம்னா அவ்வளவுதான். மத்த பிள்ளைங்க முன்னாடி ஒப்பிட்டுப் பேசாதீங்க. பயமே இல்லாத பிள்ளைங்கதான் எனக்கு இதைவிட கவலை, அதுங்களுக்குத்தான் "பெரியவர் சரின்னு சொன்னாத்தான் எறங்கணும்"ங்கிற விதியை ஒவ்வொரு கிளாஸ்லயும் நிறுத்தி நிறுத்திக் கேக்கணும்.

பேரண்ட்ஸ்கிட்ட ஒளிவு மறைவு இல்லாம சொல்ல வேண்டியது

கோர்ஸ் முடிச்சு சர்டிஃபிகேட் வாங்கிட்டான், இனி பயமில்லன்னு நினைக்காதீங்க. எந்தப் பிள்ளையும் தண்ணியில மூழ்கவே மாட்டான்னு யாரும் உத்தரவாதம் தர முடியாது. நீந்தத் தெரியாத பிள்ளை தண்ணியில இருந்தா நீங்க கை தொடுற தூரத்துல இருக்கணும், தெரிஞ்ச பிள்ளையா இருந்தாலும் கண்ணு அங்கயே இருக்கணும். நாலு குடும்பம் சேர்ந்து போகும்போதுதான் ஆபத்து ஜாஸ்தி, எல்லாரும் இன்னொருத்தர் பாத்துக்குறாங்கன்னு நினைப்பாங்க, அதனால கால் மணி நேரத்துக்கு ஒருத்தர்னு பேர் சொல்லி முறை வெச்சுக்கோங்க. பிள்ளை காணோம்னா முதல்ல தண்ணியில தேடுங்க, வீடு வாசல் எல்லாம் அப்புறம்.

பெரியவங்க சிபிஆர், அதாவது மூச்சு நின்னவங்களுக்கு செய்யுற முதலுதவி, கத்துக்கணும். மூழ்கினவங்களுக்கு பிரச்சனையே ஆக்சிஜன் போகாததுதான், அதனால மூச்சு இல்லன்னா வாய் வழியா மூச்சு கொடுக்குறதும் நெஞ்சை அமுக்குறதும் ரெண்டும் வேணும், மூச்சு கொடுக்குறதுலதான் ஆரம்பிக்கணும். தலைகீழா தூக்கி ஆட்டுறது, வயித்தை அமுக்கி தண்ணி எடுக்குறது, சுத்துறது எதுவும் வேண்டாம், அந்த நேரம் வீணாப் போகும், வாந்தி வந்து நுரையீரலுக்குள்ள போயிடவும் செய்யும். பயிற்சி பெற்றவங்ககிட்ட பொம்மை வெச்சு ஒரு நாள் நேர்ல கத்துக்கோங்க, படிச்சா மட்டும் கை பழகாது. தண்ணியிலேர்ந்து எடுத்த பிள்ளை நல்லா பேசினாலும் இருமல் நிக்காம இருந்தா, மூச்சு வாங்கினா, சோர்ந்து தூங்கி வழிஞ்சா உடனே ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போங்க.

ஒரு தடவை சொல்லிக் கொடுத்தா மறந்துடுவாங்க, அது பிள்ளைங்க தப்பில்ல. நான் ஒவ்வொரு லீவு விடுறதுக்கு முந்தின வாரமும் பந்து நாடகத்தையும் கத்துற பயிற்சியையும் திரும்ப பண்ண வைப்பேன், ஏன்னா லீவுலதான் பிள்ளைங்க புது இடத்துக்குப் போவாங்க, பாக்காத தண்ணியைப் பாப்பாங்க. ஜூலை 25-ஐ நீரில் மூழ்குவதைத் தடுக்கும் உலக தினமா ஐ.நா. சபை 2021-ல அறிவிச்சிருக்கு, ஸ்கூல்ல ஒரு பீரியட் வாங்குறதுக்கு அந்த நாளைச் சொல்லிக் கேட்டா ஹெட்மாஸ்டரும் மறுக்க மாட்டாங்க. லீவு முடிஞ்சு வந்த முதல் நீச்சல் கிளாஸ்ல புதுசா எதுவும் வேண்டாம், ஓரத்துல உக்கார வெச்சு, ஒவ்வொருத்தரா சாஞ்சு விழச் சொல்லி, யார் முதல்ல மல்லாந்து மிதக்குறாங்க யார் கையை அடிச்சுக்கிட்டு ஓரத்தைத் தேடுறாங்கன்னு பாத்து எழுதி வெச்சுக்கோங்க, அடிச்சுக்குற பிள்ளைங்களோட திரும்பவும் ஒரு கை தலைக்கு கீழ, ஒரு கை முதுகுலன்னு முதல்லேர்ந்து ஆரம்பிங்க.